தலைப்பாகை கட்டிய ஜாமீன்தாரர்

ஜாமீன்தாரராக நிற்க வருகிறவர்களுக்கு நான் நீதிமன்ற வராந்தாவிலேயே பாடம் நடத்திவிடுவேன். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில், ஊர்க்கதை கூடாது. எவ்வளவு சொன்னாலும் யாராவது ஒருவர் என் மானத்தை வாங்காமல் போவதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. என் கட்சிக்காரர் கோட்டாற்றில் டெம்போ ஓட்டுகிறவர். கஞ்சா வழக்கு. சின்னப் பொட்டலம்தான் என்று வாதாடி ஜாமீன் வாங்கியிருந்தேன். ஆனால் உத்தரவு மட்டும் போதாது. இரண்டு பேர் நேரில் வந்து பொறுப்பேற்க வேண்டும், நீதிபதிக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வர வேண்டும். அண்ணனை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அடுத்தவர் மாமனார், அஞ்சுகிராமம் பக்கத்து விவசாயி. அன்று தவறினால் தொடர்ந்து விடுமுறை. அவர் மகளுக்கோ மறுநாள் காலை பிரசவ ஆபரேஷன். புருஷன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டார்கள். மாமனார் கூண்டில் ஏறினார், நான் சொன்னபடி துண்டை எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். அதை உதறி, நிதானமாகத் தலைப்பாகை கட்டினார்.

"ஓய், அவுரும்!" என்று டவாலி பாய்ந்து வந்தார். மாமனார் அய்யாவழிக்காரர். அவர்கள் தங்கள் கோயிலான பதியில் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடுவார்கள் என்று சர்ச்சுக்குப் போகிற எனக்கே தெரியும். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

"என்ன பெரியவரே இது?" என்றார் நீதிபதி.

"பதியில அய்யா முன்னால நிக்கும்போ இப்பிடித்தான் சார் கெட்டுவோம். இங்கயும் உண்மைதானே சொல்லணும்?"

நீதிபதி டவாலியைக் கையமர்த்தினார். "மருமகன்மேல் என்ன வழக்கு, தெரியுமா?"

"கஞ்சா. வச்சிருந்தாரு சார். நானே ஒருக்கா வண்டியில பாத்துருக்கேன்."

நான் இருமினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மனுஷனை எந்தப் புண்ணியவான் கூட்டிவந்தான் என்று பல்லைக் கடித்தேன். கூட்டிவந்தது நான்தான்.

"பிறகு எந்த தைரியத்தில் பொறுப்பேற்கிறீர்கள்?"

"தப்பு செய்யாதவனுக்கு நான் எதுக்கு சார்? கூப்பிட்ட அன்னைக்குக் கொண்டாந்து நிறுத்துவேன். ஓடமாட்டாரு. எம்மவளப் பாக்காம இருக்க அவரால ஒக்காது."

நீதிபதி வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் மாமனார் பிடித்த வாடகைக் காரில் சிறை வாசலுக்கு நானும் போனேன். தலையைக் குனிந்தபடி வெளியே வந்த மருமகனை மாமனார் ஒரு வார்த்தைகூட வையவில்லை.

"ஏறும் மருமவனே, அவ காத்துக் கெடக்கா. போலீஸ் ஆள் மாறிப் பிடிச்சிட்டுன்னு அவகிட்ட நான் பொய் சொல்லி வச்சிருக்கேன். உள்ளத நீருதான் சொல்லணும்."

மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இப்பமேயா மாமா?"

"பிள்ளை பொறக்கட்டும். அவ எழும்பி உக்காரட்டும். பொறவு சொல்லும்." கார் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "தனியா சொல்லாண்டாம். நானும் கூட நிக்கேன்."