பால் ஸ்டோரில் பாடிய பாட்டு

இன்று ஈப்போ ரயிலடியில் ரப்பர் மரத்தில் வழிந்து உறைந்த ஒட்டுப்பால் ஏற்றிய லோரி ஒன்று என்னைக் கடந்துபோனது. அந்த அழுகல் நாற்றம் மூக்கில் ஏறியதுமே எங்கள் தோட்டத்தில் ரப்பர் பாலைச் சேர்த்துவைக்கும் பால் ஸ்டோர் நினைவுக்கு வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் விலைபோகாததால் பாலின் புளித்த வாடையோடும் ஈக்களோடும் சும்மா கிடந்த அந்தத் தகரக் கொட்டகையில்தான் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. காலையில் ஜப்பான் ராஜா இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்துவிட்டு, பொருள் தெரியாத ஜப்பானியப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப்போனவள் நான்; ஜப்பானிய அதிகாரி வரும் விழாவில் தனியாகப் பாடவும் என்னைத்தான் நிறுத்தினார்கள்.

சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போவார்கள் என்பதால், லோரி வந்தாலே ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள். அன்று அப்பா ஒளியவில்லை.

"போவாதீங்க, லோரி நிக்குது" என்று அம்மா கையைப் பிடித்தாள்.

"எம்மவ பாடுறாடி. கேக்காம எங்க போயி ஒளியிறது? சும்மா இரு லா."

பாடினேன். தகரக் கூரையில் மோதித் திரும்பிய என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உடம்பு சிலிர்த்தது, இனிப் பாடாமல் இருக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதிகாரி பிசுபிசுத்த கையால் என் தலையைத் தடவிச் சீனிப் பொட்டலம் ஒன்று கொடுத்தான். வாசலில் கைதட்டிக்கொண்டிருந்த அப்பாவையும் விழாவுக்கு வந்திருந்த மற்ற ஆண்களையும் சிப்பாய்கள் லோரியில் ஏற்றினார்கள். அப்பா திரும்பி வரவே இல்லை.

இப்போது நான் பாட்டு டீச்சர். ரயிலடியில் அந்த நாற்றம் போகும்வரை காறித் துப்பினேன். அப்போதும் தொண்டைக்குள் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சமும் சுருதி பிசகாமல்.