மணிக்கட்டு மேடம்

"இன்னும் இறுக்கிப் பிடிங்கண்ணே. கோபம் வந்தா ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பீங்க, அப்படி."

பேருந்து ஓட்டுநர் சிரித்துக்கொண்டே களிமண் உருண்டையை அமுக்குகிறார். விரல்கள் பதிந்த உருண்டையை டிபன் டப்பாவில் பத்திரப்படுத்தி, மூடியில் 'ஓட்டுநர், வலது கை, சுண்டுவிரல் வளையாது' என்று எழுதிக்கொண்டு இறங்குகிறார் அந்த அம்மாள். வயது ஐம்பத்திரண்டு. தொழிற்சாலைக் கருவிகளுக்குக் கைப்பிடி வடிவமைப்பவர். கொத்தனார், பல் மருத்துவர், இறைச்சி வெட்டுபவர் என்று ஊரார் பிடியெல்லாம் அவர் அலமாரியில் காய்ந்து கிடக்கிறது.

"எங்க வீட்டுக்குள்ள ஒரு கரண்டி வரணும்னாக்கூட பரீட்சை எழுதி பாஸாகணும். நான் எப்படியோ தப்பிச்சு வந்துட்டேன்" என்கிறார் கணவர்.

"நீங்க இன்னும் அரியர்ஸ்தான்" என்று சமையலறையிலிருந்து பதில் வருகிறது.

எந்தப் பிடியைச் சோதிக்கக் கொடுத்தாலும் "எப்படி இருக்கு?" என்று மட்டும் அந்த அம்மாள் கேட்பதில்லை. பத்து வருடங்களுக்கு முன் ஒருமுறை கேட்டார். மூட்டை வாய் தைக்கும் கைமிஷினுக்குப் புதுப் பிடி செய்து, ஓர் ஆலையில் பதினான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தார். "நல்லாருக்கு மேடம்" என்றார்கள் பதினான்கு பேரும். டிக் அடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஆளுக்கு அஞ்சு மூட்டை தைக்கச் சொன்னேன். அவங்க ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு தைக்கறவங்க. எல்லார் முகத்தையும் பாத்தேன், ஒருத்தர் கையையும் பாக்கலை."

அந்தப் பிடி மணிக்கட்டை ஓயாமல் வளைத்தது. பதினான்கு பேரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு அறுவை சிகிச்சை. வேலையும் போயிற்று. வலது கையால் இன்று தலை வாரவும் முடியாது. அதற்குப் பிறகு மணிக்கட்டே கதியென்று ஆலை ஆலையாகத் திரிந்தவருக்கு, தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் மணிக்கட்டு மேடம்.

இப்போது அதே கைமிஷினுக்குப் புதுப் பிடி ஒன்று தயார். திங்கட்கிழமை பிடி வார்க்கும் அச்சை வெட்டிவிடுவார்கள். அப்புறம் மாற்ற முடியாது. மர மாதிரியில் ஈயம் வைத்து, மிஷினின் எடைக்குக் கொண்டுவந்து, கை முடங்கிய அந்தப் பெண்ணின் வீட்டுக்கே எடுத்துப் போகிறார். அந்தப் பெண்ணின் தம்பி மனைவி இன்று ஆலையில் அதே வரிசையில் மூட்டை தைக்கிறாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார் மேடம்.

"எங்கேர்ந்து சொல்றது? நீங்க ஆசையா கொண்டு வந்தீங்க. பக்கத்துல மேனேஜர் கடிச்சுத் தின்னுற மாதிரி நிக்கிறாரு. வாயைத் திறந்தா மறுநாள் கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

மேடம் மாதிரியை மேசைமேல் வைக்கிறார். தம்பி மனைவி மாதிரியைத் தூக்கி, சாப்பாட்டு மேசை ஓரமாக நூறு தடவை இழுக்கிறாள். மேடத்தின் கண் மணிக்கட்டை விட்டு நகரவில்லை. அது கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. மேடம் மூச்சு விடுகிறார்.

"கை சரியாத்தான் இருக்கு மேடம்" என்கிறார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண். "தோளைப் பாருங்க. காதுக்கு ஏறிப் போகுது. என்னடி, வலிக்குதா இல்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"லேசா" என்கிறாள் அவள்.

மேடம் மாதிரியை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். பிடியை எவ்வளவு கீழே இறக்கலாம் என்று பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். பார்க்கிறார். அழிக்கிறார். பிறகு நாற்காலியை நெருங்கி உட்கார்ந்து, மாதிரியை அந்தப் பெண்ணின் முன் நீட்டி, பென்சிலை அவர் இடது கையில் கொடுக்கிறார்.