தூக்குச்சட்டிக்குக் கட்டுன மணி

எங்க அப்பா ஒரு நாளைக்கு மூணு தடவ மொபெட் சாவியத் தொலைப்பாரு. சட்டைப் பையில வச்சுக்கிட்டே வீடு பூராத் தேடுவாரு. அதுக்காகத்தான் என் தாய்மாமா அந்தச் சாமானக் கொண்டாந்தது. அவருக்கு செல்போன் கடையில வேல. பத்து ரூவா காயினு தண்டியில கருப்பா ஒரு வில்லை. அத எதுலயாச்சும் ஒட்டிவிட்டுட்டு, போன்ல ஒரு பட்டன அமுக்குனா, முப்பது நாப்பது அடிக்குள்ள எங்க கெடந்தாலும் கீச்சு கீச்சுனு கத்தும். புளூடூத்துன்னு சொன்னாரு. எனக்கு அப்ப எட்டாவது. படிப்பைத் தவிர மத்த எல்லாம் சட்டுனு ஏறும்.

"மச்சான் சாவியில மாட்டிவிடுக்கா"ன்னாரு மாமா.

அம்மா அந்த வில்லையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "சாவி தொலைஞ்சா பூட்ட ஒடைக்கலாம். என் தூக்குச்சட்டி தொலைஞ்சா எதடா ஒடைக்க?"

அம்புட்டுதேன். அப்பாவோட வில்லை அம்மாவுக்குப் போயிருச்சு. அப்பா வாயத் தொறக்கல. எங்க வீட்டுல அவரு வாய் தொறக்குறது சாப்புடவும் கொட்டாவி விடவும் மட்டும்தான்.

அந்தத் தூக்குச்சட்டி அம்மாவோட கல்யாணச் சீரு. எவர்சில்வரு. அம்மா பேரும் அதுக்குக் கீழ அவங்க அப்பா பேரும் வெட்டியிருக்கும். கல்யாணம் முடிஞ்ச அதே வருசம் அவரு செத்துப்போனாரு. சீருல வந்த மத்த ஏனம், பாத்திரமெல்லாம் ஒண்ணொண்ணா எங்கெங்கயோ போயிருச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.

போகாம என்ன செய்யும்? நாங்க இருக்குறது செல்லூரு. நீட்டி மடக்குனா பக்கத்து வீட்டுச் செவுத்துல கை இடிக்கும். ஒரு வீட்டுல மீன் கொழம்பு வச்சா நாலு வீட்டுக்குப் போகும். ஏனம் மட்டும் வெறுமனே திரும்பி வரக்கூடாது. அரைப்பிடி சீனியாச்சும், ரெண்டு வாழப்பழமாச்சும் போட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும். வெறும் ஏனத்த நீட்டுனா மூதேவிய அனுப்புன மாதிரி. எங்க ஏனத்தத் திருப்பி வாங்கிட்டு வர்ற வேல எனக்கு. வழியிலயே பாதியக் காலி பண்ணிருவேன். எங்கம்மா ரொம்ப நாளா நம்ம தெருவுல எல்லாருக்கும் கை சின்னதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சு.

தூக்குச்சட்டியோட அடிப்பக்கப் பள்ளத்துல வில்லைய ஒட்டி, மேல கரண்டுக்காரவுக சுத்துற கருப்பு டேப்ப நான்தான் ஒட்டுனேன். மாமா அதுக்கான ஆப்ப அம்மா போன்ல ஏத்திவிட்டாரு. ஒரு வாரம் சும்மா சும்மா அமுக்கிக் கத்தவிட்டு வெளாண்டேன். அம்மா சாதம் வடிக்கும்போது அமுக்குவேன். அது திடுக்குனு கரண்டியப் போடும். ரெண்டு தடவ அந்தக் கரண்டி என் முதுகுல விழுந்துச்சு.

அந்த மாசமே எழுமலைப் பக்கம் எங்க கொலசாமி கோயில்ல கெடா வெட்டு. சொந்தபந்தம் பூரா வந்திருந்துச்சு. சாப்பாடு முடிஞ்சதும் மிச்சக் கொழம்பக் கையில கெடச்ச ஏனத்துல ஊத்தி ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வீட்டுக்கு வந்து அம்மா ஏனத்த எண்ணிச்சு. தூக்குச்சட்டிய மட்டும் காணோம்.

எனக்கு ஒரே சந்தோசம். இப்பத்தான நம்ம வில்லைக்கு வேலையே.

போன்ல பாத்தா, ஏனம் கடைசியா எங்க இருந்துச்சுன்னு படம் போட்டுக் காட்டுச்சு. கொலசாமி கோயில் தோப்பு. ரெண்டு நாளா அதையே காட்டுச்சு.

"அங்க கெடந்து என்ன செய்யுது? சாமி எடுத்துக் கொழம்பு குடிக்குதோ?"ன்னு அம்மா கேட்டுச்சு. அப்பா மொபெட்ட எடுத்துக்கிட்டு எழுமலை வரைக்கும் போயி, தோப்பு பூராத் தேடிட்டு, பஸ்ஸுல வந்தாரு. தூக்குச்சட்டி கெடைக்கல. சாவிய அங்கயே தொலைச்சுட்டாரு.

மாமா போன்ல வெளக்குனாரு. நம்ம போனு பக்கத்துல போனாத்தான் அது பேசுமாம். தோப்பு வரைக்கும் பக்கத்துல இருந்துச்சு, பெறகு யாரு கூடயோ போயிருச்சு.

"அப்ப வீடு வீடாப் போவோம்"னுச்சு அம்மா.

போன் போட்டுக் கேட்டா எல்லாரும் 'எங்கிட்ட இல்ல'ன்னாங்க. வண்டியூர்ல இருக்குற அத்தை, அப்பாவோட தங்கச்சி, அதுக்கு மட்டும் போன் போகல. எப்பக் கூப்புட்டாலும் ஒரு பொம்பள இங்கிலீசுல பேசி வச்சுரும்.

அதுக்குப் பெறகு ஆறு ஞாயித்துக்கெழம எங்களுக்கு இதே வேல. அம்மா ஒரு பை நெறைய வாழப்பழத்த வாங்கிக்கிட்டு, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு ஒவ்வொரு சொந்தக்காரவுக வீட்டுக்கும் போகும். அது பேசிக்கிட்டு இருக்க, நான் போனக் கையில வச்சுக்கிட்டு அடுப்படி, கொல்லப்பக்கமெல்லாம் நடப்பேன். ஏனம் பக்கத்துல இருந்தா போன்ல இருக்குற வட்டம் பச்சையா மாறும். தூரம்னா சாம்பல் கலரு. பெரியம்மா வீட்டுல வட்டம் மாறல. ஆனா எங்க சல்லடை ஒண்ணு, ரெண்டு வருசம் முன்னாடி காணாமப் போனது, அங்க ஆணியில தொங்குச்சு. அம்மா கேக்காமக் கொள்ளாம எடுத்துப் பையில போட்டுச்சு. சித்தப்பா வீட்டுல ஒண்ணும் இல்ல. அவுக பையன் கேட்டான், "ஏன்டா போனப் பாத்துக்கிட்டே கக்கூசுக்குள்ள போற?" சிக்னலுன்னேன்.

அப்பாவே ஒருநாள் சொல்லிட்டாரு, "ஒரு சட்டிக்கா இம்புட்டு?"

அம்மா அவர ஒரு பார்வ பாத்துச்சு. "எங்கப்பா பேரு அதுல மட்டும்தான் இருக்கு." அவரு கொட்டாவிக்குத் திரும்பிட்டாரு.

கடைசி வீடு அத்தை வீடு. தெப்பக்குளத்துல எறங்கி நடந்தோம். அம்மா வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்துச்சு. "பச்சை வந்தா ஒடனே அமுக்கிராத. நான் தலையச் சொறிவேன், அப்ப அமுக்கு. என்ன சத்தம்னு நான் எந்திரிச்சுப் போயி எடுத்துருவேன்."

அத்தை வாசல்லயே, "வாங்க மதினி, வாங்க மருமகனே"ன்னுச்சு. ஒரு மாதிரி மெலிஞ்சிருந்துச்சு. அத்தை வீட்டு மாமா பாயில செவுத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. மூட்டை தூக்குற ஆளு, இடுப்பு புடிச்சு ரெண்டு மாசமா வேலைக்குப் போகலயாம். எங்களுக்கு அது தெரியாது. அத்தை சொல்லல, நாங்களும் கேக்கல.

காப்பி வந்துச்சு. கறுப்பா இருந்துச்சு. "என்னத்தே, மாடு கோவிச்சுக்கிருச்சா?"ன்னேன். அத்தை சிரிச்சுச்சு. அம்மா சிரிக்கல.

அப்பப் போனப் பாத்தேன். பச்சை. நல்ல பளீர்ப் பச்சை.

மெதுவா அடுப்படிக்குள்ள எட்டிப் பாத்தேன். சிலாப்புல டப்பாவெல்லாம் மூடியக் கழட்டி வரிசையாக் கமுத்தி வச்சிருந்துச்சு. இன்னைக்கு எல்லாத்தையும் கழுவுற நாளு போலன்னு நெனச்சேன். ஓரத்துல ஒரு வெள்ளத் துணி போத்தி என்னமோ ஒண்ணு. துணிக்குக் கீழ அம்மா பேரு தெரிஞ்சுச்சு. புளி போட்டுத் தேச்சு, கண்ணாடி மாதிரி மின்னுச்சு. எங்க வீட்டுல கூட அது அம்புட்டு மின்னுனதில்ல.

திரும்பி வந்து அம்மாவப் பாத்துக் கண்ணடிச்சேன். அது தலையச் சொறியல. என்னையப் பாக்கவே இல்ல. அடுப்படிப் பக்கம் பாத்துச்சு, பாயப் பாத்துச்சு, கையில இருந்த காப்பியப் பாத்துச்சு. ஆறு வாரம் அலஞ்ச எனக்குப் பொறுக்குமா? அமுக்கிட்டேன்.

எவர்சில்வரு மேல ஒட்டுனதால சத்தம் கோயில் மணி மாதிரி வீடு பூராச் சுத்துச்சு. அத்தை அப்புடியே நின்னுபோச்சு. மாமா பாயில அசையல, ஆனா தூங்கலன்னு தெரிஞ்சுச்சு.

"என் போனுதேன்த்தா. அலாரம்"னுச்சு அம்மா.

"இல்லம்மா, அந்தா சிலாப்புல..."

தொடையில கிள்ளுச்சு பாருங்க, இன்னைக்கும் அந்த எடம் எனக்குத் தெரியும். போனப் புடுங்கி, அங்கிட்டும் இங்கிட்டும் அமுக்குச்சு. அதுக்கு நிப்பாட்டத் தெரியாது. சத்தம் அடுப்படியில இருந்து வருது, அம்மா போனக் காதுகிட்ட வச்சு ஆட்டுது.

"நல்லாச் சத்தமா இருக்கு மதினி"ன்னுச்சு அத்தை.

"புதுப் போனுத்தா."

அது நாலு வருசப் பழசு. நான்தான் கடைசியில நிப்பாட்டுனேன். அம்மா காப்பிய ஒரே மடக்குல குடிச்சுட்டு, "நல்லாருந்துச்சுத்தா, வாரோம்"னு எந்திரிச்சிருச்சு. ஏனம் அங்கயே இருக்கு. நான் வாசல்ல நின்னு அடம் புடிச்சேன். தரதரன்னு இழுத்துட்டு வந்துருச்சு.

பஸ்ஸுல கேட்டேன், "கைக்கு எட்டுனத ஏம்மா விட்டுட்டு வந்த?" சன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. மறுநாக் காலையில அப்பா ஒரு பெரிய பையோட வண்டியூருக்குப் போனாரு. என்னைய அதுக்குள்ள பாக்க விடல. திருடுனவுகளுக்குப் பரிசான்னு கேட்டு இன்னொரு கிள்ளு வாங்குனேன்.

ரெண்டு வாரங்கழிச்சு அத்தையே வந்துச்சு. கையில தூக்குச்சட்டி. "மறந்தே போச்சு மதினி"ன்னு நீட்டுச்சு. உள்ள ஏழு ரவை உருண்டை.

"அட, ஒங்கிட்டயா இருந்துச்சு? நான் தேடவே இல்லத்தா"ன்னுச்சு எங்கம்மா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு.

அத்தை போனதும் அம்மா ஒரு உருண்டையப் புட்டு மெதுவாத் தின்னுச்சு. கல்லு மாதிரி இருக்குன்னேன். "நல்லாருக்கு"ன்னுச்சு. பெறகு ஏனத்தக் கமுத்தி, கத்திய விட்டு அந்த வில்லைய நெம்பி எடுத்து என் கையில குடுத்துச்சு. "உங்கப்பன் சாவியில மாட்டு." அன்னைக்குச் சாயந்தரமே அதே தூக்குல கோழிக் கொழம்ப ஊத்தி, வண்டியூருக்குக் கொண்டுபோடான்னுச்சு.

"லூசாம்மா நீ? இப்பத்தான வந்துச்சு. திரும்பக் காணாமப் போச்சுன்னா?"

"வந்துரும்டா. போ."

இந்தக் கதைய ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லுவேன். 'அத்தை திருடி மாட்டுன கத'ன்னு பேரு வச்சிருந்தேன். எல்லாரும் சிரிப்பாங்க. எல்லாரையும் விடச் சத்தமா அத்தை சிரிக்கும். அம்மா மட்டும் எந்திரிச்சுப் போயிரும். அதுக்கு நகைச்சுவையே தெரியாதுன்னு நெனச்சுக்குவேன்.

இப்ப நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கேன். ஆர்டர் இல்லன்னு ஒரு மாசமா வேலையில்ல. மேல் வீட்டு அக்கா போன மாசம் ஒரு டப்பாவுல பிரியாணி குடுத்துச்சு. டப்பாவ அன்னைக்கே கழுவி, தொடச்சு, சன்னல்ல கமுத்தி வச்சுட்டேன். இருபது நாளாச்சு, அதுல போட்டுத் திருப்பிக் குடுக்க அரைப்பிடி சீனி இல்ல. அக்கா படியில எறங்குற சத்தம் கேட்டா நான் கதவத் தொறக்குறதில்ல.

நல்லவேள, அதோட அடியில யாரும் எதுவும் ஒட்டல.