நாடா மாதிரி அகலமாக

வடக்கே மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த வருஷங்களில் எனக்கு ஒரே ஒரு ஆசை. பனிமலையை ஒரு தரம் கண்ணால் பார்க்கணும். என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய காரில் மசூரிக்கு இரண்டு தரம் கிளம்பி, இரண்டு தரமும் பாதி வழியில் திரும்பினோம். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் தண்ணீர் கசிந்து, எஞ்சின் கொதித்து, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக ஆவி. அதுதான் நான் பார்த்த பனி.

மூன்றாம் தரம் கிளம்புமுன், புதுக் குழாயும் அதை இறுக்குகிற கிளாம்ப்பும் வாங்கக் காஷ்மீரி கேட் கார் சாமான் கடைத்தெருவுக்குப் போனோம். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கடைக்காரர் இரண்டு விதம் எடுத்து வைத்தார். ஒன்று ஒல்லிக் கம்பி. இன்னொன்று அகலப் பட்டை, ஓரம் மடித்தது.

"கம்பிதான் நல்லா கவ்வும். போன தரம் நான் இறுக்கினது பத்தலை" என்றார் இவர்.

மாதிரிக்குக் கொண்டுபோன பழைய குழாய் மேஜைமேல் கிடந்தது. கம்பி இருந்த இடத்தில் பள்ளம் விழுந்து ரப்பர் வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு என் இடுப்புதான் ஞாபகம் வந்தது. பாவாடைக்கு ஒல்லிக் கயிறு கோத்தால் இப்படித்தான் அறுக்கும். அகல நாடா என்றால் எவ்வளவு இறுக்கினாலும் உறுத்தாது. இதை ஆம்பளைங்க நடுவில் எப்படிச் சொல்றது?

"ஏங்க, அந்தப் பட்டையை வாங்குங்களேன்."

"ஏன்?"

தமிழ்தானே, யாருக்குப் புரியப் போகுது என்று நினைத்து, "நாடா மாதிரி அகலமா இருக்கு. அறுக்காது" என்றேன்.

இந்தியிலும் அது நாடாதான் என்பது மறந்துபோச்சு. கடைக்காரர் நிமிர்ந்து, "நாடா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் குழாயின் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அச்சா! பெஹன்ஜி சரியாத்தான் சொல்றாங்க" என்று இந்தியில் சொல்லி, பட்டையை எங்கள் பக்கம் தள்ளினார்.

"வாங்க, நாடா மெக்கானிக்" என்றார் இவர், வெளியே வந்ததும்.

அது கார்த்திகை மாசம். மசூரியையும் தாண்டி மேலே ஏறினோம். நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா, இன்றைக்கும் தெரியாது. வளைவுக்கு வளைவு வெயிலும் நிழலும் மாறி மாறி மடியில் வந்து உட்கார்ந்து எழுந்து போயின. ஒரு திருப்பத்தில் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக எழும்பியது.

"ஏங்க, நிறுத்துங்க! ஆவி!"

இறங்கி பானெட்டைத் தூக்கி, கைக்குட்டையால் பட்டையைச் சுற்றி ஒற்றி எடுத்தார். ஈரமே இல்லை. பானெட்டை மூடினார்.

"அங்க பாருடி" என்றார்.

தூரத்தில் அந்த வெள்ளை அப்படியே நின்றது. கலையவே இல்லை.