புகை குடிக்க வந்த செடி

வாள் போல நிமிர்ந்த இலைகளோடு ஒரு பாம்புச்செடி. அதைப் பிளாஸ்டிக் சாடியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணி லயத்துப் படியேறி வந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. செடி மேலும் இல்லை, அண்ணி மேலும் இல்லை அந்த எரிச்சல்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே அறைக் காம்பராவில் இருந்தோம். நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்தேன். அண்ணி கொழுந்து பறித்தார். சமையல் உள்ளேயே ஒரு மூலையில். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கழிக்கிற மிலாறுக் குச்சிகள்தான் விறகு. மழைக்காலத்தில் அது எரிவதைவிடப் புகைவதே அதிகம். குளிருக்குப் பயந்து கதவையும் சாத்தியிருப்போம். அண்ணியின் இருமல் கடைசிக் காம்பரா வரை கேட்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், "புகையில இருக்காதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். "அப்ப சோத்த யாருங்க ஆக்குறது?" என்று அண்ணியும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அவர் வேண்டியதெல்லாம் ஒரு புகைபோக்கி. எங்கள் வேலைகளை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் பலமுறை கேட்டுவிட்டார். கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம், கூரையில் கை வைக்கக்கூடாது என்பதுதான் பதில்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து, வீட்டுக்குள் வைத்தால் கெட்ட காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லிச் செடிகள் கொடுத்தார்கள். பேசியவர் இளைஞர். நல்ல மனிதர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அண்ணி எழுந்து, "தம்பி, இது வெறகுப் பொகையையும் இழுக்குங்களா?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கினார். "மெதுமெதுவா இழுக்கும்க்கா" என்றார். அந்தத் தயக்கம் எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும், ஆனால் நம்புவதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை.

அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே செடியை வைத்தார். சாயங்காலம் இலையெல்லாம் கரி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, கறுத்த துணியை என்னிடம் காட்டுவார். "பாரு புள்ள, எவ்வளவு இழுத்திருக்கு!"

"இழுக்கல அண்ணி, மேல படிஞ்சிருக்கு."

"என் நெஞ்சுல படிய வேண்டியதுதானே அதுல படிஞ்சிருக்கு" என்றார்.

கொஞ்ச நாளில் செடி அடியில் மஞ்சளடித்துத் துவண்டது. அண்ணியும் ஒருநாள் மலையில் இருமி இருமி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த பெண்கள்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மறுநாள் காலை அவர் செடியைத் தூக்கிக்கொண்டு நேரே தோட்டத்து மேலாளரான தொரையின் ஆபீசுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். சாடியை மேசை மேல் வைத்தார். "இங்க பாருங்கய்யா. பொகை குடிக்கத்தான் இதக் குடுத்தாங்க. இதுக்கே மூச்சு முட்டுது. எனக்கு ஒரு பொகைபோக்கி வேணும்."

தொரை கோபப்படவில்லை. மேலிடத்துக்குச் சொல்வதாகச் சொன்னார். செடியை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனபோது கண்ணாடிக்குப் பின்னால் அது புது இலை விட்டு நின்றது. அண்ணி எட்டிப் பார்த்தார். "பொழைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனைக் கூரையில் ஏற்றிவிட்டார். அடுப்புக்கு மேலே தகரத்தை வெட்டி, பழைய தகரம் ஒன்றைக் குழாயாகச் சுருட்டிச் செருகினார்கள். கண்டாக்கையா வந்து கழற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். "நீங்களே ஏறிக் கழட்டுங்கய்யா. நான் கீழ அடுப்ப மூட்டுறேன்" என்றார் அண்ணி. கண்டாக்கையா ஏறவில்லை. மழை பெய்தால் ஒழுகியது. புகை மட்டும் பெருமளவு வெளியே போனது. இருமல் போகவில்லை. நெஞ்சுக்குள் ஏற்கனவே ஆனது ஆனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மாதம் அதே நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். செடி கொடுத்த வீடுகளைப் படம் பிடிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் செடி இல்லை என்றதும் வண்டியிலிருந்து புதிதாக ஒன்றை இறக்கினார். அண்ணி செடியோடு போய்க் குழாய்க்கு நேர்கீழே நின்றார். "குழாயும் விழுற மாதிரி எடுங்கம்மா."

"இங்க இருட்டா இருக்குக்கா. இந்தச் செவுத்தோரம் வாங்க" என்று அந்தப் பெண் அவரைத் தள்ளி நிறுத்தினார்.

அந்தப் படம் பிறகு என் போனுக்கு வந்தது. வெள்ளையடித்த சுவர், பச்சைச் செடி, சிரிக்காத அண்ணி. அவர் அதை விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினார்.

"குழாயும் இல்ல, பொகையும் எங்கயுமே காணோமே. எல்லாம் செடி செஞ்சதுன்னுதான் நெனைப்பாங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.