குடிக்காத லாரியின் தள்ளாட்டம்

ஒருவருக்கு நன்மை செய்வதென்று தீர்மானித்துவிட்ட பிறகு, அந்த நன்மையைப் பற்றி அவரிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா, வேண்டாமா? சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெறுவதற்குள் இந்தக் கேள்விக்கு இரண்டு தேர்வுகளில் விடை எழுதி, இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். 1991இல் எங்கள் லாரி பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வைக்கோல் போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றபோதுதான், எனக்கு விடை தெரியாது என்பது தெரிந்தது.

என் தந்தை தண்டலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி லாரிப் பட்டறை நடத்திவந்தார். சொந்தமாக ஒரு லாரியும் இருந்தது. ஒரகடம் பக்கத்துக் குவாரிகளில் ஜல்லி ஏற்றி, புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அதன் வேலை. அதை ஓட்டியவர் வடக்குப்பட்டைச் சேர்ந்தவர், ஐம்பது வயதுக்காரர், இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்களிடம் இருந்தவர். வாழ்நாளில் அவர் குடித்த மிகக் கடுமையான பானம் பன்னீர் சோடா.

அந்த லாரியின் ஸ்டீரிங்கைக் கையால் திருப்புவது என்பது பேச்சுக்குச் சொல்வது. வளைவு வருமுன்பே டிரைவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, வலது தோளை அதன்மேல் சாய்த்து, கிணற்றிலிருந்து பெரிய வாளியை இழுப்பவர்போல் இழுப்பார். நேரான சாலையிலும் ஓய்வில்லை. உள்ளே பற்கள் தேய்ந்துபோயிருந்ததால் ஸ்டீரிங் கால் சுற்று சும்மாவே சுற்றும்; அதற்குப் பிறகுதான் முன்சக்கரங்களுக்குச் செய்தி போய்ச் சேரும். ஆகவே மாவாட்டுகிறவர்போல் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் வண்டி நேராகப் போகும். அவரும் ஆட்டிக்கொண்டே இருந்தார். வண்டியும் நேராகப் போனது.

ஒருநாள் பட்டறைக் கண்ணாடியின் முன் அவர் தலைவாருவதைப் பார்த்தேன். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல் தலையைச் சீப்புக்குக் கொண்டுபோனார். அன்றே உட்கார்ந்து தந்தைக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். லாரிக்குப் பவர் ஸ்டீரிங் பொருத்த வேண்டும். மேடேறும்போது அது கக்கும் கரும்புகை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டில் இறங்குவதால் டர்போவும் பொருத்த வேண்டும். சாதகங்கள் ஒன்பது, பாதகங்கள் இரண்டு என்று பிரித்து எழுதியிருந்தேன். ஓட்டுகிறவரின் கருத்து என்ன என்பது இரண்டு பட்டியலிலும் இல்லை.

தந்தை அதைப் படித்துவிட்டுப் பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டார். "எம்பொண்ணு எனக்கே மனு குட்துகிது, மேஸ்திரி. தாசில்தார் மாதிரி 'ஆவன செய்க'ன்னு எழுதிக் குட்துடட்டா?"

"எழுது மொதலாளி. டர்போ வெச்சா மேட்ல சும்மா இழுக்கும்," என்றார் மேஸ்திரி. சத்துணவுத் தட்டைவிட அந்த இழுவைதான் தந்தையின் மனத்தை மாற்றியது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்நாளில் எங்கள் சாலையில் டர்போ வைத்த லாரி அபூர்வம். பவர் ஸ்டீரிங் அதைவிட அபூர்வம். விபத்தில் நொறுங்கிப்போன ஒரு பெரிய வண்டியின் உறுப்புகளாக இரண்டையும் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்து வந்தார் மேஸ்திரி. வேலை ஐந்து நாள் நடந்தது. தேய்ந்த பழைய ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றிவிட்டு, எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்பும் பெட்டி வந்தது. அதற்கு எண்ணெய் தள்ள இன்ஜினில் ஒரு பம்ப். முன்சக்கரங்களை இணைக்கும் கம்பிகளின் ஆடிப்போன மூட்டுகளும் புதியவையாயின. டர்போ, பெரிய நத்தைக் கூட்டைப் போன்ற இரும்பு உருண்டை.

"சைலன்சருக்குப் போற பொகதான் இதுக்குள்ள விசிறிய சுத்தும். அந்த விசிறி காத்த புட்ச்சு இன்ஜினுக்குள்ள திணிக்கும். வீணாப் போறத வேல வாங்கறது," என்று மேஸ்திரி விளக்கினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலையற்றோருக்கு வேலை என்ற தத்துவம் ஒரு சைலன்சருக்குள் நிறைவேறுவதை அதுவரை நான் கண்டதில்லை.

டிரைவர் ஐந்து நாளும் பக்கத்தில் கைகட்டி நின்றார், தன் சமையலறையில் வேறு யாரோ சமைப்பதைப் பார்ப்பவர்போல.

"இனிமே ஒரு வெரல்ல திருப்பலாம், அண்ணாத்த," என்றார் மேஸ்திரி.

"மீதி ஒம்போது வெரல இன்னா பண்றது?" என்றார் டிரைவர்.

நான் அதை நகைச்சுவை என்று குறித்துக்கொண்டேன். அது ஒரு தொழில்நுட்பக் கேள்வி.

திங்கட்கிழமை காலை வண்டி புறப்பட்டது. சாலையில் ஏற, வழக்கம்போல் டிரைவர் பாதி எழுந்து தோளைச் சாய்த்து இழுத்தார். இருபத்திரண்டு ஆண்டுப் பலம் அத்தனையும், ஒரு விரலுக்கென்று செய்யப்பட்ட ஸ்டீரிங்கின்மேல் இறங்கியது. லாரி ஒரே பாய்ச்சலில் எதிர்ப்பக்க வெற்றிலைக் கடையை விசாரிக்கப் போனது. பதறி மறுபக்கம் இழுத்தார். எங்கள் பட்டறையையே விசாரிக்கத் திரும்பி வந்தது. ஒருவழியாக நேர்ப்பட்டதும் பழக்கதோஷத்தில் கைகள் மாவாட்டத் தொடங்கின. புதிய ஸ்டீரிங்கில் சும்மா சுற்றும் பகுதி கிடையாது. ஆட்டிய ஒவ்வொரு ஆட்டத்தையும் சக்கரங்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டன. லாரி பாம்புபோல் நெளிந்தது.

டர்போவுக்கு ஒரு குணம் உண்டு. மிதித்தவுடன் கேட்காது; ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். இது தெரியாமல் அவர் மிதித்தார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தார். உடனே இரண்டு மிதிகளின் பலனும் ஒன்றாக வந்து வண்டி துள்ளியது. துள்ளும்போது நீளமாக விசிலடித்தது. சாலையில் பார்க்காமல் இருந்தவர்களும் அந்த விசிலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபத்து வேண்டாமென்று அவர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். அதனால் யாருக்கும் அடிபடவில்லை. எல்லாருக்கும் நின்று நிதானமாகப் பார்க்க நேரமும் கிடைத்தது.

புதன்கிழமைக்குள் தண்டலம் முதல் ஒரகடம் வரை தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: டிரைவர் குடிக்கிறார். அந்த ஆண்டு மலிவுச் சாராயக் கடைகளையெல்லாம் மூடியிருந்தார்கள். எனவே வதந்தியோடு மரியாதையும் சேர்ந்து வந்தது. முன்பின் தெரியாத ஆண்கள் பட்டறை வாசலில் பீடி பற்றவைப்பதுபோல் நின்று, அவரிடம் குரலைத் தாழ்த்தினார்கள். "அண்ணாத்த, காலங்காத்தாலயே இவ்ளோ நல்ல சரக்கு எங்க கெடைக்குது? வெளிய சொல்ல மாட்டேன்."

"நீங்கள் ஏன் அவர்களிடம் ஸ்டீரிங் புதிது என்று சொல்லக்கூடாது?" என்று அவரிடம் கேட்டேன்.

"பாப்பா, குடிகாரன்னு சொன்னா காலைல தெளிஞ்சிட்டான்னு வுட்ருவாங்க. ஸ்டீரிங் புடிக்கத் தெரியாதவன்னு சொன்னா, அது சாவற வரைக்கும் தெளியாது," என்றார்.

வியாழக்கிழமை மாலை அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தவள். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். அவளைப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பையனுக்குப் பேசியிருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பையனின் தந்தை அரசுப் பேருந்து ஓட்டுநர். விபத்தில்லாமல் ஓட்டியதற்குப் பதக்கம் வாங்கியவர். தேவாலயச் சபையில் மூப்பர், ஞாயிறுதோறும் மதுவுக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறவர்.

"அக்கா, அவரு பஸ் நேத்து எங்கப்பா லாரிக்குப் பின்னாலயே வந்துகிது. தண்டலத்லருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும். பஸ்ஸுல கீற அம்பது பேரும் ஜன்னல்ல தலைய நீட்டிகினு பாத்தாங்களாம். நிச்சயம் வாணாம்னு ஆள் வுட்டுட்டாரு."

"இதன் விளைவுகளை நான் சரியாக மதிப்பிடவில்லை," என்றேன்.

"மதிப்பிடாட்டி போவுது, வந்து பேசு. எனக்கு அந்தப் பையன்தான் வேணும். சிரிச்சா ஒரு பல்லு கோணையா தெரியும், அதுகூட புட்சிருக்கு. எங்கப்பா வாயத் தொறக்க மாட்டாரு. மனு எழுதுன வாய் நீதான?"

மனுவை வாயால் எழுதுவதில்லை என்று திருத்தும் நிலையில் நான் இல்லை.

ஞாயிறன்று ஆராதனை முடியும் நேரத்துக்கு லாரியிலேயே பிள்ளைப்பாக்கம் போனோம்: டிரைவர், மேஸ்திரி, நான். என் கையில் ஸ்டீரிங்கின் எண்ணெய் ஓட்டத்தை அம்புக்குறிகளோடு வரைந்த ஒரு சார்ட்டு இருந்தது. மூப்பர் வெள்ளை வேட்டி சட்டையில், வேதப்புத்தகத்தோடு வீட்டு வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நாங்கள் நெளிந்து வந்த கடைசி இருநூறு அடியை இருவரும் பார்த்திருந்தார்கள். அது எங்கள் கட்சிக்கு உதவவில்லை.

நான் சார்ட்டை விரித்து விளக்கினேன். மூப்பர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, ஸ்டீரிங் லேசா இருந்தா வண்டி இன்னும் நேராத்தான போவணும்? கல்லு மாதிரி கீற ஸ்டீரிங்கயே இருவத்தஞ்சு வருசமா நான் நேரா ஓட்றேன். படம் போட்டா மட்டும் நாயம் மாறிடுமா? அவர ஒருவாட்டி ஊதச் சொல்லு."

"ஊத மாட்டேன்," என்றார் டிரைவர்.

"ஊதிடேன் அண்ணாத்த, காலைல இட்லிதான துன்ன," என்றார் மேஸ்திரி.

"இட்லி துன்னவன்னு நிரூபிக்கிறதுக்கு நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது; சபையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். மூப்பர் அவர்களை ஒருமுறை பார்த்தார். வேதப்புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தார். "குடிக்காதவன் ஓட்னா இந்த வண்டி எப்டிப் போவும்னு நானே காட்றேன். எல்லாம் பாத்துக்கங்க," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் நடுவிலும் டிரைவர் இடப்பக்கமுமாக உட்கார்ந்தோம்.

"மூப்பரே, தோள் குடுக்காதீங்க," என்றார் டிரைவர் மெதுவாக.

"எனக்குச் சொல்லித் தரியா?"

தெருமுனையில் ஒரு வளைவு. மூப்பர் பாதி எழுந்து, பதக்கம் வாங்கிய தோளைச் சாய்த்து இழுத்தார். லாரி இடதுபக்கம் ஒரு வீட்டு வேலியிலிருந்த முருங்கைக்கிளையைத் தலையில் சூடிக்கொண்டது. வலப்பக்கம் இழுத்தார், குழாயடியில் இருந்த குடங்கள் தப்பித்தன, குடத்துக்காரர்கள் தாவினார்கள். நேர்ப்பட்டதும் அவர் கைகளும் மாவாட்டத் தொடங்கின. மிதித்தார், ஒன்றும் நடக்கவில்லை. "இன்னாடா இது, செத்துட்டுதா," என்று இன்னும் மிதித்தார். நத்தைக் கூடு நெடிய விசிலடித்தது. வண்டி துள்ளி, களத்து மேட்டில் இருந்த வைக்கோல் போருக்குள் முன்கண்ணாடிவரை புகுந்து, இன்ஜின் அணைந்து நின்றது. உள்ளே மஞ்சள் இருட்டு. என் சார்ட்டு மூப்பரின் மடியில் கிடந்தது.

ஊர் முழுவதும் ஓடி வந்தது. முன்னால் வந்த மூப்பரின் மனைவி, வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி ஜன்னல் வழியே கேட்டார். "இன்னாங்க, சபைலருந்து நேரா வூட்டுக்குத்தான வந்தீங்க?"

 சொல்வதற்கு மூப்பரிடம் இரண்டு பதில்கள்தான் இருந்தன: குடித்திருக்கிறேன், அல்லது ஓட்டத் தெரியவில்லை. ஒரு வாரமாக டிரைவர் மாட்டிக்கொண்டிருந்த அதே இடத்தில், தலைமுடியில் வைக்கோலோடு, அவர் உட்கார்ந்திருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

அப்போது டிரைவர் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அவரச் சொல்லாதீங்க. புது ஸ்டீரிங்கு இது, எனக்கே புடிபடல. ஒரு வாரமா நானும் இப்டித்தான் தடுமாறிகினு கீறேன். எனக்கு இத ஓட்டத் தெரியல, அவ்ளோதான்."

அவர் அதை உரக்கச் சொன்னார். வைக்கோலுக்குள் இருந்த மேஸ்திரிக்கும் கேட்டது. அவர் எப்படியோ வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு வந்து, கடைசித் துள்ளலில் போருக்குள் விழுந்திருந்தார்.

மூப்பர் இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். டிரைவரின் சட்டைக் காலரிலிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டார். "அந்தக் கெவுருமெண்ட்டுக்கு எழுதிப் போடணும். இந்த மாதிரி ஸ்டீரிங்க எங்க பஸ்ஸுக்கு மாத்தவே கூடாதுன்னு," என்றார். பிறகு வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, "வாங்க சம்பந்தி, வூட்ல கறிக்கொழம்பு ஆறிகினு கீது," என்றார்.

சாப்பாட்டில் எனக்கும் இலை போட்டார்கள். மூப்பரின் மனைவி பரிமாறும்போதெல்லாம் கணவரைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பையன் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். பல் கோணல்தான்.

நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது. அதன்பின் எங்கள் பட்டறையில் ஸ்டீரிங் மாற்றப்பட்ட எந்த வண்டியும், அதை ஓட்டப்போகிறவர் வற்றிய ஏரிக்குள் ஒரு முழுநாள் ஓட்டிப் பார்த்து, சரி என்று தன் வாயால் சொல்லாமல் சாலைக்குப் போனதில்லை. அவர் வேண்டாமென்று சொன்னால் பழையதையே திரும்ப மாட்டிக் கொடுத்தோம். இரண்டுபேர் அப்படிச் சொன்னார்கள். டிரைவர் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு விரலால் திருப்பப் பழகிக்கொண்டார். பொங்கலுக்குள் தலையைக் குனியாமல், வலது கையை உயர்த்தித் தலைவாரத் தொடங்கியிருந்தார்.