கால் வழியாக ஏறாத உப்பு

இன்று காலையும் என் வீட்டுக்காரர் வெங்கடாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். அம்மனுக்கு விளக்கேற்றிக் கும்பிடும்போது அவர் பெயரோடு இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொன்னேன். சகாயசெல்வி. மரக்காணம் உப்பளத்தில் என்னோடு கூடை சுமக்கிறவள். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். ஆனாலும் அவளைப் பற்றி எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, அனுமந்தைக்காரி. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். ஆனால் யார் எதைச் சொன்னாலும் "அப்படியா? பாத்துடலாம்" என்பாள். ஒரு கிரகணத்தன்று நாங்கள் எல்லாரும் பச்சைத்தண்ணீர்கூடத் தொடாமல் இருக்க, அவள் மட்டும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டாள். மேஸ்திரி முருகையன் அடிக்கடி வந்து விசாரித்தார்.

"இன்னாம்மா, வயிறு வலிக்குதா?"

"வலிக்குது மேஸ்திரி. சோறு பத்தல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி பயம் இல்லாதவள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நாளெல்லாம் உப்புத்தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கால் வழியாகவே உப்பு ஏறிவிடும், அவன் கஞ்சியில் உப்புப் போடக்கூடாது என்பார்கள். கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் என் வீட்டுக்காரருக்கு உப்பில்லாத கஞ்சிதான் கொடுத்தனுப்பினேன். ராத்திரிக் குழம்பில் மட்டும் உப்பு இருக்கும்.

போன சித்திரையில் வெயில் தாங்க முடியவில்லை. அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. உப்பு அதிகமாக ஏறிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். குழம்பிலும் உப்பை நிறுத்தினேன். பெரிய கேன் நிறையத் தண்ணீர் கொடுத்து, ஏறின உப்பு இறங்கும், குடித்துக்கொண்டே இருங்கள் என்றேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தார். கூப்பிட்டால் மெதுவாகப் பதில் சொன்னார். முகத்தைக் கழுவி நிழலில் படுக்கவைத்தோம்.

"இன்னும் தண்ணி குடுங்கப்பா, உப்பு எறங்கட்டும்" என்றார் முருகையன்.

நான் சொம்பைத் தூக்கினேன். சகாயசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கேன் மொத்தமும் காலி பண்ணிட்டாரு. இன்னமும் வெறுந்தண்ணியா?"

"உப்பு ஏறிடுச்சுடி!"

"எங்க ஏறிச்சு? நேத்து ஞாயித்துக்கெழம, நான் உப்பளம் பக்கமே வரல. சர்ச்சுலேர்ந்து வெயில்ல நடந்து வந்தேன். ரவிக்கை முதுவுல வெள்ளையா உப்பு பூத்திருக்குதுன்னு நீதான காட்டின? அது எங்கேர்ந்து வந்துச்சு? உள்ள ஏறலக்கா, வெளிய போவுது."

"டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா!" என்றார் முருகையன்.

"நெஜ டாக்டர்கிட்டயே போவலாம். நீ போயி ஆட்டோவ இட்டுக்கினு வா மேஸ்திரி."

தன் தூக்கிலிருந்த கஞ்சித் தண்ணீரை நீட்டினாள். அதில் உப்புப் போட்டிருந்தது. எனக்குக் கை வரவில்லை. மாமியார் சொன்னது பொய்யா? இதைக் கொடுத்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவர் நெற்றியைப் பார்த்தேன். நல்ல தண்ணீரில் கழுவிவிட்ட முகம், மறுபடி முத்து முத்தாக வேர்த்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கரித்தது.

"தாயே" என்று சொல்லிக்கொண்டு கஞ்சியை வாங்கினேன். வாய் வாயாகக் குடித்தார். ஆட்டோ வரும்வரை அவள் அவருடைய காலை நீவிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "ஒடம்புல உப்பு ரொம்ப கொறைஞ்சிருக்கு. இன்னா வேலை பாக்குறாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"உப்பளத்துலங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது.

ஆஸ்பத்திரி வாசலில் சகாயசெல்வியின் தோளில் சாய்ந்து அழுதேன். "இருபத்திரண்டு வருசம் என் கையாலேயே..."

"நீ கெட்டதுன்னு தெரிஞ்சா பண்ண? எங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

"அப்புறம் நீ மட்டும் எப்படி உப்பு போட்ட?"

"உப்பில்லாத கஞ்சி எனக்கு எறங்காதுக்கா. அவ்ளோதான்."

இப்போது முருகையன் ஒரு கை உப்பைக் கஞ்சியில் கொட்டப் போனால் அவள்தான் தட்டிவிடுகிறாள். "நீ பிரஷர் மாத்திரை போடுற ஆளு. ஒனக்கு எவ்ளோன்னு டாக்டர கேளு மேஸ்திரி!"

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், முதல்முறையாகக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்து, நடந்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.

"இத்தினி வருசம் இத எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்று கேட்டுவிட்டு டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."